‘இன்றே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்’ என்று ஹெச்.ஆர். சொன்னால்

வந்த கேள்வி இது: “தமிழ்நாட்டில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இன்று ஹெச்.ஆர். தனி அறைக்குக் கூப்பிட்டு, நாளை மாலைக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் தருகிறோம், இல்லையென்றால் டெர்மினேஷன், அனுபவச் சான்றிதழ்கூடக் கிடைக்காது என்றார்கள். என் மீது எந்தப் புகாரும் இல்லை. நான் என்ன செய்வது? கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடட்டுமா?”

கையெழுத்துப் போட வேண்டாம். நாளைக்குக் கண்டிப்பாக வேண்டாம். அடுத்த வாரம் பேசி, வருகிற தொகையைப் பார்த்து, போவதுதான் நல்லது என்று நீங்களே முடிவெடுத்தால் அது வேறு விஷயம். ஒரே நாளில், பயத்தில் போடும் கையெழுத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகத் தொழிலாளர் வழக்குகளில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்காக வாதாடுவதை விட, ‘தானாகவே விலகியவருக்காக’ வாதாடுவது பல மடங்கு கடினம். ஏன் என்று புரிந்துகொண்டால் நாளை அந்த அறையில் உங்களுக்குத் தைரியம் வரும்.

நிறுவனத்துக்கு ஆள் குறைக்கும் அதிகாரம் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. அப்படியிருக்க, அவர்களே ஒரு உத்தரவு போட்டு அனுப்பாமல் ஏன் உங்கள் கையால் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்? அவர்கள் அனுப்பினால் அதற்குச் சட்டத்தில் ஆட்குறைப்பு என்று பெயர், அதற்கு ஒரு விலை உண்டு. நீங்களாக விலகினால் அந்த விலை கிடையாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும் சரி, அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் சரி, ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே தானாக விலகுவதை அதிலிருந்து தள்ளிவைத்திருக்கின்றன. அந்த ஒரு தாளுக்காக ஒரு நிறுவனம் இவ்வளவு அவசரப்படுவது இதனால்தான்.

அந்த விலை எவ்வளவு என்று உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு, காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாதத்துக்கான சம்பளம். அதோடு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு. உங்களுக்கு ஆறு வருடம், ஆகவே 90 நாள். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம். உங்கள் வேலை நியமனக் கடிதத்தில் இரண்டு மாதம், மூன்று மாதம் நோட்டீஸ் என்று இருந்தால் இன்னும் கூடும். (இழப்பீட்டுக் கணக்கில் ‘சம்பளம்’ என்பது நீங்கள் கையில் வாங்கும் முழுத் தொகை அல்ல, சட்டம் வரையறுக்கும் சம்பளம். வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்ற படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுந்ததைச் சம்பளத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்கிறது புதிய சட்டம்.) அவர்கள் பெரிய மனதோடு கொடுப்பதாகச் சொல்லும் ‘இரண்டு மாதம்’ எதற்கு எதிரே நிற்கிறது என்று இப்போது பாருங்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதில் சேரவே சேராது. ஐந்து வருடம் முடித்தவருக்கு அது சேர்ந்த சொத்து. ராஜினாமா செய்தாலும் உண்டு, நீக்கினாலும் உண்டு. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குங்கள். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் ஆறு வருடத்துக்கு 1,03,846 ரூபாய் வரும். ‘செட்டில்மென்ட் தொகை’ என்று ஒரே எண்ணைச் சொல்லி அதற்குள் கிராஜுவிட்டியையும் எடுக்காத விடுப்புக்கான பணத்தையும் திணித்துவிடும் வழக்கம் இருக்கிறது. தனித்தனியாக எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் தொகை மாறுவதைப் பல முறை நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி, இந்தப் பாதுகாப்பெல்லாம் உங்களுக்குப் பொருந்துமா என்பதுதான் பெரிய கேள்வி. ‘நாங்கள் ஐடி, எங்களுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது’ என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். அது தவறு. சட்டம் கேட்பது நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை. விசிட்டிங் கார்டில் என்ன பதவி அச்சடித்திருக்கிறது என்பது அங்கே எடுபடாது. உடல் உழைப்பு, எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை, செயல்பாட்டு வேலை செய்கிறவர் எல்லாரும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார்கள். அவர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை. மாதம் லட்ச ரூபாய் வாங்கினாலும் நாள் முழுக்கக் கோட் எழுதுகிறவர், சோதனை செய்கிறவர் தொழில்நுட்ப வேலைதான் செய்கிறார். வெளியே நிற்பவர்கள் இரண்டு வகை: முக்கியமாக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்கள்.

நீங்கள் ‘டீம் லீட்’ என்றால் இங்கேதான் இழுபறி வரும். யாருக்காவது விடுப்பு கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா? ஆள் எடுக்க, நீக்க, நடவடிக்கை எடுக்க உங்கள் கையெழுத்து போதுமா? இல்லை, நாலு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறீர்களா? இரண்டாவது என்றால் உங்கள் பக்கம் வலுவான வாதம் இருக்கிறது. உங்கள் அன்றாட வேலையைக் காட்டும் மின்னஞ்சல்கள், வேலை ஒதுக்கீட்டுப் பதிவுகள் எப்படி இருக்கின்றன என்பதில் வழக்கே அடங்கிப் போகலாம்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைந்துவிடுகிறேன். ‘முந்நூறு பேருக்கு மேல் இருக்கிற கம்பெனி, அரசு அனுமதி இல்லாமல் யாரையும் நீக்க முடியாது’ என்று சொல்வார்கள். அந்த முன் அனுமதி விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்குத்தான். அலுவலகங்களுக்குப் பொருந்தாது. அதை நம்பி வாதாட இறங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, அதைப் பலர் அறியாமலே நாளைக் கடத்திவிடுகிறார்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41. பெயரில் ‘கடை’ இருப்பதால் துணிக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம், வணிக நிறுவன அலுவலகங்களும் இதில் அடக்கம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த எவரையும் நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் ஒழுங்கீனக் குற்றச்சாட்டு வைத்து, விசாரணை நடத்தி, ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையிலுள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆனால் முப்பது நாளுக்குள். உத்தரவு கையில் கிடைத்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். நிர்வாகத்தை நடத்தும் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, மற்றவர்களுக்கு இது நல்ல ஆயுதம்.

நாளைக்கு வருவோம். அறைக்குக் கூப்பிட்டால் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள். “யோசிக்க எனக்கு நேரம் வேண்டும், நீங்கள் சொல்வதையெல்லாம் மின்னஞ்சலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் தருகிறேன்” என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். சட்டம் பேச வேண்டாம், சண்டை வேண்டாம். மேசைமேல் தாள் இருந்தால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்றுகூட எழுதாமல் நகல் மட்டும் கேளுங்கள். கையெழுத்துப் போடாமல் வெளியே போகக் கூடாது என்று கதவை மறித்தால் அது குற்றம். எழுந்து வந்துவிடுங்கள். நிறுவனத்தின் மனிதவள இணையதளத்தில் ‘ரிசைன்’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்வதும் இப்போது நடக்கிறது. அதுவும் ராஜினாமா கடிதமும் ஒன்றுதான், காகிதம் இல்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

வெளியே வந்ததும், அன்றிரவு தூங்கப் போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் பொருள் இதுதான்: “இன்று இத்தனை மணிக்கு இன்னார் இன்னார் என்னை அழைத்து ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். செய்யாவிட்டால் நீக்குவோம், சான்றிதழ் தர மாட்டோம் என்று கூறினீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நிறுவனத்தின் முடிவு வேறு என்றால் அதைக் காரணத்துடன் எழுத்தில் தரவும்.” கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம். ‘வேலை செய்யத் தயார்’ என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால், ‘இவர் தானே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்’ என்று சொல்ல இடமில்லாமல் செய்வது அந்த வரி. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போங்கள். நுழைவு கார்டு வேலை செய்யாவிட்டால் வாசலில் நின்றபடியே அதையும் ஒரு மின்னஞ்சலாக்குங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரே நிறுவனத்தில், ஒரே வாரத்தில் வெளியேற்றப்பட்ட இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து மூன்றே வரியில் “கட்டாயத்தின் பேரில் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்” என்று கைப்பேசியிலிருந்து அனுப்பியிருந்தார். இன்னொருவர், ஒரு பெண், வீட்டில் சொல்லப் பயந்து இருபது நாள் தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் நடந்த அநியாயம் ஒன்றுதான். முதலாமவருக்குச் சமரசப் பேச்சிலேயே கௌரவமான தொகை கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்னால் கிராஜுவிட்டிக்கு மேல் எதையும் வாங்கித் தர முடியவில்லை. அந்த இருபது நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியும். எதிர்காலத்தில் ஒரு தேதியில் நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் சொன்னது. விருப்ப ஓய்வு நோட்டீஸைத் திரும்பப் பெற்ற பல்ராம் குப்தா வழக்கிலும் 1987-இல் ஊழியர் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆகவே கடைசி வேலைநாள் இன்னும் வரவில்லையென்றால், இப்போதே எழுதுங்கள். இதனால்தான் ‘உடனடியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற பதிலைப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஏற்கப்பட்டுவிட்டால், அழுத்தத்தில் பெற்ற கையெழுத்து என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் வற்புறுத்தல், தகாத செல்வாக்கு ஆகியவற்றால் பெறப்பட்ட சம்மதம் ரத்து செய்யத்தக்கது. ஆனால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, “அன்றைக்கே ஏன் மறுப்பு தெரிவிக்கவில்லை?” என்பதுதான்.

ஆதாரங்கள் பற்றி எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டு அறிக்கைகள், பாராட்டு மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இன்றே சேர்த்து வையுங்கள். அவை உங்களைப் பற்றியவை. வாடிக்கையாளர் தகவல், கோட், திட்ட ஆவணங்கள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். இல்லாத குற்றச்சாட்டை நீங்களே உருவாக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். எந்தப் புகாரும் இல்லாதிருந்தவர் மேல் ‘தகவல் திருட்டு’ என்று விசாரணை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

‘வேலைத்திறன் போதவில்லை’ என்று காரணம் எழுதி நீக்கினால்? அதற்குப் பயப்பட வேண்டாம். ஆறு வருட மதிப்பீடும் ஊதிய உயர்வும் உங்கள் பக்கம் பேசும். உத்தரவின் வாசகம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், உண்மையில் தண்டனைதானா என்று உறையை விலக்கிப் பார்க்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. குற்றச்சாட்டுப் பத்திரம், பதில் சொல்ல வாய்ப்பு, உள்விசாரணை எதுவும் இல்லாமல் களங்கம் சுமத்தி அனுப்பிய உத்தரவுகள் அங்கே எளிதில் நிற்பதில்லை.

நீக்கியே விட்டார்கள் என்றால் அடுத்த படி தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். ஒரு மனு, நீக்க உத்தரவின் நகல், நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு பக்கம். சமரசப் பேச்சில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது, நிறுவனத்தின் தரப்பிலும் முடியாது. ஆகவே எதிரே பெரிய சட்ட நிறுவனம் வந்து உட்காரும் என்று பயப்படத் தேவையில்லை. தொழிற்சங்கத்தின் பொறுப்பாளர் உங்களோடு வரலாம். இந்த வழிக்குத் தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம், ஆனாலும் ஆறவிடாதீர்கள். சமரசம் முறிந்தால் தொழில் தீர்ப்பாயம். செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு பலர் இதைக் கேட்பதே இல்லை, உரிமையாகக் கேளுங்கள்.

உங்களை மட்டுமா கூப்பிட்டார்கள், இல்லை அதே நாளில் இன்னும் பத்துப் பேரையா? விசாரித்துப் பாருங்கள். பத்துப் பேர் என்றால் அது வேலைத்திறன் பிரச்சினை அல்ல, ஆட்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வரிசை, மீண்டும் ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னுரிமை ஆகிய விதிகளெல்லாம் அப்போது உயிர்பெறும். ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாக வைக்கலாம், சேரலாம். 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மில் தொழிலாளர்களோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது சங்கத்துக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டமும் இல்லை. பக்கிங்காம் கர்நாடிக் மில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேலேயே வழக்குப் போட்டது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததில் அந்த வழக்குக்குப் பங்கு உண்டு. நம் ஊரில் இதற்காக விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை வீணாக்க வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும் ஒருவருக்கோ மகப்பேறு விடுப்பில் இருப்பவருக்கோ இதே மிரட்டல் வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. அந்த விடுப்பில் இருக்கும்போது நீக்குவதே சட்டவிரோதம். ஒரு நாள்கூடக் காத்திராமல் ஆலோசனை கேளுங்கள்.

‘நிம்மதியாகப் போய்விடட்டுமா’ என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வழக்கு என்றால் வருடங்கள் ஆகும். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருப்பவரிடம் ‘கடைசிவரை போராடு’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேசி, சரியான தொகையை வாங்கிக்கொண்டு போவதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் பேரம் பேச உங்கள் கையில் இருக்கும் ஒரே பொருள் அந்தக் கையெழுத்து. அதை முதலில் கொடுத்துவிட்டால் பிறகு எதைக் காட்டிப் பேசுவீர்கள்? நான்கு மாதம், கிராஜுவிட்டி தனி, விடுப்புப் பணம் தனி, ஆறு வருடத்துக்கான அனுபவச் சான்றிதழ், இவை எல்லாம் ஒரே தாளில் எழுதி அவர்கள் முதலில் கையெழுத்திடட்டும். பணம் வரும் தேதியும் அதில் இருக்க வேண்டும். புதிய ஊதியச் சட்டப்படி, நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘நாற்பத்தைந்து நாள் ஆகும், அதுதான் எங்கள் பாலிசி’ என்றால் சட்டத்துக்கு மேல் பாலிசி இல்லை என்று சொல்லுங்கள்.

சான்றிதழ் தர மாட்டோம் என்ற மிரட்டல்தான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கிறது என்று தெரிகிறது. ஆறு வருடம் நீங்கள் அங்கே இருந்ததற்கு அவர்கள் தரும் தாள் மட்டுமே சாட்சி அல்ல. பி.எஃப். பாஸ்புக்கில் சேர்ந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் பதிவாகியிருக்கிறது. வரி பிடித்ததற்கு நிறுவனம் கொடுத்த படிவம் 16 இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. அடுத்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இவற்றைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்கிறார்கள். இன்றிரவே உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, நாளை அந்த அறைக்குள் போங்கள்.